அக்கா இறங்காத கார்

தேங்காய் நார் நனைந்து காய்ந்தால் ஒரு வாசம் வருமே, அந்த வாசத்தோடுதான் அந்தக் கார் எனக்கு நினைவிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்திறங்கிய வண்டிக்குள் எங்கள் ஊர்க் கயிற்றுக் கொட்டகையின் வாசம் எப்படி வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சீட்டுக்குள் பஞ்சுக்குப் பதிலாகத் தேங்காய் நாரைத்தான் அடைத்திருந்தார்கள் என்பதும், அந்தக் கம்பெனி அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது என்பதும் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால் நார், பெட்ரோல், சூடேறிய ரெக்சின் மூன்றும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். ஆனாலும் ஏறி உட்காரச் சொன்னால் நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று வருஷம் தங்கியிருந்த ஜெர்மன் தம்பதியின் வண்டி அது. கணவர் குகைகளையும் தேர்களையும் நாளெல்லாம் பார்த்துப் பார்த்துப் படம் வரைவார், மனைவி அதைப் பற்றி எழுதுவார். அதற்கு முன் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாதான் அவர்களுக்கு டிரைவர். எங்கள் பக்கத்தில் அப்பாவை "நைனா" என்றுதான் அழைப்போம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நைனா வண்டியைக் கழுவப் போகும்போது சைக்கிளில் முன்பாரில் உட்கார்ந்து நானும் போவேன்.

முதுகு கூனி, முகம் தாழ்ந்து, கண்கள் மட்டும் உருண்டையாக இருந்த அந்த வண்டிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் "ஆமைக் காரு". ஊரில் யாரும் பார்த்திராத விசித்திரங்கள் அதில் இருந்தன. கதவு இரண்டுதான், பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கிவிட்டு ஏற வேண்டும். எஞ்சின் பின்பக்கம், பெட்டி வைக்கும் இடம் முன்பக்கம். எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம், அதற்குத் தண்ணீரே வேண்டாம். காற்றிலேயே எஞ்சின் ஆறிக்கொள்ளும், ரேடியேட்டர் என்று ஒன்று கிடையாது. இதை நைனா திருக்கழுக்குன்றத்து டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

"ஜெர்மன்காரன் வண்டிபா. நடுரோட்ல நின்னு மானத்த வாங்காது" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஜெர்மன்காரன் கத்தி, ஜெர்மன்காரன் பேனா, ஜெர்மன்காரன் மருந்து என்று எதற்கும் ஒரு மரியாதை இருந்த காலம். வண்டி மட்டும் சோடை போகுமா என்ன? ஆனால் நைனா கடைசிக்கென்று ஒன்றை வைத்திருப்பார். "தொரசானியம்மா சொல்லிச்சு. இத்த பணக்காரனுக்குன்னு செய்யலியாம். கூலிக்காரன் குடும்பத்தோட ஏறிப் போவட்டும்னே செஞ்சாங்களாம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலனியிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக நேர்வழி ஒன்றுதான், அது ஊரின் பெரிய தெரு. தெருமுனையில் குளம். குளத்தருகே வந்ததும் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள், மாட்டு வண்டியில் வந்தால் வண்டியை விட்டு இறங்கி நடப்பார்கள். கல்யாணப் பெண்ணும் இறங்கி நடப்பாள். தெருவைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். இறங்கு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இறங்காமல் போனவரையும் பார்த்ததில்லை. நைனாகூட அந்தக் காரில் பெரிய தெருவுக்குள் இரண்டொரு தடவை போயிருக்கிறார், ஆனால் பின்சீட்டில் அந்தத் தம்பதி இருந்தார்கள். தொரை உட்கார்ந்திருந்தால் அது தொரை வண்டி, ஓட்டுகிறவன் யார் என்று எவரும் பார்ப்பதில்லை.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது எஸ்தர் அக்காவுக்குச் செங்கல்பட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணம் செங்கல்பட்டுச் சர்ச்சில். பெண்ணை அழைத்துப் போக நைனா காரைக் கேட்க, அந்தத் தம்பதி சாவியைக் கொடுத்துவிட்டு, தாங்கள் நேராகச் சர்ச்சுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் பஸ்ஸில் போனார்கள். காரை இரவல் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் போன வெள்ளைக்காரர்களைப் பற்றிக் காலனியில் ஒரு வாரம் பேச்சு.

முந்தின நாள் நைனா வண்டியைப் பெரிய தெரு வழியாகக் கொண்டுவரவில்லை. ஏரிக்கரை மண்பாதையில் நாலு மைல் சுற்றி, புழுதியோடு கொண்டுவந்து நிறுத்தினார். போகும்போதும் அப்படியே போய்விடலாம் என்று அம்மாவுக்கு எண்ணம்.

"எதுக்கு வம்பு? நல்ல நாளும் அதுவுமா" என்றாள்.

"நான் வந்தது பரவால்ல. எம்பொண்ணு ஏரிக்கர மேல போவ மாட்டா. தெருவுல போவா. எறங்காமப் போவா" என்றார் நைனா. "வண்டி ஓடிகினே இருந்தா எவன் இன்னா சொல்லப் போறான்? ரெண்டு நிமிஷம். கேக்கறதுக்கு முன்ன ரோட்டாண்ட இருப்போம்."

ஆக அவருடைய முழு நம்பிக்கையும் வண்டி நிற்காது என்பதில் இருந்தது.

காலையில் வண்டிக்குக் கனகாம்பரச் சரமும் கலர்க் காகிதமும் சுற்றினார்கள். நைனா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அப்போது வந்தார் தேவராஜ் மாமா, அம்மாவின் அண்ணன். செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டுகிறவர். டிராக்டரோ லாரியோ, தூரம் போகிற வண்டிக்கு முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு வேதம். மாட்டைப் பூட்டுமுன் தண்ணீர் காட்டுவது மாதிரிதான். தாய்மாமன் தன் கடமையாக ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். பின்பக்கம் எஞ்சின் என்று அவருக்கும் தெரியும். எஞ்சின் பின்னால் இருந்தால் ரேடியேட்டர் முன்னால்தானே இருக்க வேண்டும்? முன்மூடியைத் திறந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி இருந்தது.

"மாமா, இதுக்குத் தண்ணி வேணாமாம். நைனா சொல்லிச்சு" என்றேன் நான்.

"தண்ணி இல்லாம ஓட இது இன்னா சைக்கிளா? போ அப்பால" என்றார்.

அது பெட்ரோல் டேங்க். திறந்ததுமே வாசம் காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் மாமா மூக்குப்பொடி போடுகிறவர், அவர் மூக்குக்கு மல்லிகையும் ஒன்றுதான் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். அரைக் குடத்தை ஊற்றிவிட்டு, மூடியைத் துண்டால் துடைத்து, திருப்தியோடு மூடினார். நான் நைனாவிடமும் சொல்லாமல் போய்விட்டேன். மாமாவுக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

பின்சீட்டில் அக்காவும் நானும், முன்னால் நைனாவும் அம்மாவும். சொந்தக்காரர்கள் எல்லாம் பின்னாலேயே நடந்து வந்தார்கள். குளம் வந்தது. நைனா வேகத்தைக் குறைக்கவில்லை. தெருவுக்குள் நுழைந்தோம். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் என் தோலில் அழுந்தியது. ரேஷன் கடையைத் தாண்டவில்லை, வண்டி ஒரு தரம் இருமியது. இரண்டு தரம் குலுங்கியது. சரியாகத் தெருவின் நடுவில் நின்றுபோனது.

நைனா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தம் வந்தது, உயிர் வரவில்லை. இரண்டு பக்கமும் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அரிசி மில் வைத்திருந்த பெரியவர் ஒருவர் வண்டியருகே வந்து குனிந்து பார்த்தார். அவர் நல்லமாதிரிதான் பேசினார்.

"சாமுவேலு, பொண்ண எறக்கி நடத்திக் கூட்டிகினு போ. ரோட்ல பஸ் வரும். நேரமாவுது பாரு."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி நின்றால் இறங்கி நடப்பதுதானே? வேறெந்தத் தெருவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். நைனாவின் கை கதவுப் பிடிக்குப் போயிற்று. அவர் இறங்கிச் சீட்டை மடக்கினால்தான் அக்கா இறங்க முடியும். அவர் கழுத்தில் வேர்வை வழிந்து புதுச் சட்டைக்குள் இறங்குவதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. என்னால்தான் இப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

"நைனா, நான் எறங்கமாட்டேன்" என்றாள் அக்கா.

"வண்டி ஓடலியே எஸ்தரு..."

"ஓடாங்காட்டி தள்ளச் சொல்லு. நீ ஸ்டேரிங்க புடி." எழப் போன என்னையும் இழுத்து உட்கார வைத்தாள். "நீயும் எறங்காத."

பின்னால் நடந்து வந்தவர்களுக்கு அது கேட்டுவிட்டது. முதலில் கை வைத்தவர் தேவராஜ் மாமா. தான் செய்த வேலை இன்னதென்று அவருக்கு அப்போதும் தெரியாது. "புடிங்கடா" என்றார். ஆண்கள் வந்தார்கள், பிறகு அத்தைகளும் சித்திகளும் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். அம்மா மட்டும் முன்சீட்டில் தலையைக் குனிந்து ஜெபம் செய்துகொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது.

ஓடியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெருவைக் கடந்திருக்கும். தள்ளிக்கொண்டு போனதில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் பார்ப்பதற்குள் போய்விட வேண்டும் என்று நைனா நினைத்த தெருவில், ஒவ்வொரு வாசலும் எங்களை ஆற அமரப் பார்த்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் தள்ள வரவுமில்லை. அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்று அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. இன்று நினைத்தால் பெருமை தாங்கவில்லை.

ரோட்டோரப் புளியமரத்தடியில் காரை விட்டுவிட்டு, மாலையும் முக்காடுமாகச் செங்கல்பட்டுப் பஸ்ஸில் ஏறினோம். ஒரு மணி நேரம் தாமதம். பாதிரியார் கோபித்துக்கொண்டார், கல்யாணம் நடந்தது. மறுநாள் நான் விஷயத்தைச் சொல்ல, நைனா டேங்கைக் காலி செய்து துடைத்துப் புதுப் பெட்ரோல் ஊற்றியதும் வண்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது. அதிலிருந்து டீக்கடைப் பேச்சு மாறியது. "அரைக் கொடம் தண்ணி குடிச்சும் சாவலபா, ஜெர்மன்காரன் வண்டி!" மாமாவை மட்டும் சாகும்வரை யாரும் விடவில்லை. அவர் எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் குடங்களை ஒளித்து வைத்தார்கள்.

அடுத்த கல்யாணம் டிராக்டர் டிரெயிலரில் போயிற்று. அதிலும் பெண் இறங்கவில்லை. அதன்பின் இரண்டு முறை வாய்ச்சண்டை வந்தது, ஒருமுறை போலீஸ் ஜீப்பும் வந்தது. ஆனாலும் இறங்கும் பழக்கம் திரும்பி வரவில்லை.

இப்போது அந்தக் குளம் இல்லை, தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். பெரிய தெருவில் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பறக்கின்றன. அங்கே ஒருகாலத்தில் மனிதர்கள் இறங்கி நடந்தார்கள் என்று சொன்னால் காலனிப் பிள்ளைகளே நம்புவதில்லை. ஜெர்மன் தம்பதி ஊருக்குப் போகும்போது காரைச் சென்னையில் யாருக்கோ விற்றுவிட்டார்கள். நைனாவும் இல்லை. நான் கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறேன். போன வருஷம் அக்காவின் மகன் அதே கம்பெனியின் புதுக் கார் ஒன்றை வாங்கினான். தண்ணீர் குடிக்கிற, எஞ்சின் முன்னால் இருக்கிற சாதாரணக் கார்தான். அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கம்பெனியின் கதையை நான் உட்கார்ந்து படித்தேன்.

தொரசானியம்மா நைனாவிடம் சொன்னது பொய்யில்லை, பாதிக் கதை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கார் என்று ஆசை காட்டியவன் ஒரு சர்வாதிகாரி. அதை நம்பி ஜனங்கள் வாராவாரம் சின்னப் புத்தகத்தில் தபால்தலை மாதிரி வில்லை ஒட்டிச் சேமித்திருக்கிறார்கள். அதற்குள் உலகச் சண்டை வந்துவிட்டது, வில்லை ஒட்டியவர்களுக்குக் கார் கொடுக்கவில்லை. தொழிற்சாலை ராணுவ வண்டி செய்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கைதிகளும், சண்டையில் பிடித்த நாடுகளிலிருந்து இழுத்து வரப்பட்டவர்களும். சண்டை முடிந்து, அதே கொட்டகைகளில்தான் உலகமே கொஞ்சிய அந்த ஆமைக் கார்கள் லட்சம் லட்சமாகப் பிறந்தன. பிற்பாடு புகைச் சோதனையில் ஏமாற்றி மாட்டிக்கொண்டதும் அதே கம்பெனிதான். நைனா உயிரோடிருந்தால் புகை விஷயத்தை ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். மற்றதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது முழங்கால் வலி, மகன் காரில் ஏறுவதே பெரும்பாடு. கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்துக் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்த எடத்துல கட்டிப்போட்டு வேல வாங்கனாங்களே, அந்த ஜனம்" என்றாள் பிறகு. "அதுங்கள்ல ஒருத்தராவது, ஒரு நாளாவது, அந்தக் கார்ல ஏறி ஒக்காந்துதா?"

தெரியாது என்றேன். அதன் பிறகு நிறையத் தேடிப் படித்துவிட்டேன். வண்டியின் எடை, எஞ்சினின் சக்தி, எந்த வருஷம் விளக்கு மாறியது, எந்த வருஷம் கண்ணாடி பெரிதானது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா கேட்டதை மட்டும் எங்கேயும் காணோம்.