நான்கு நிலத்துக்கு ஒரே குடிசை

தாம்பரம் பதிவு அலுவலக வாசலில் முப்பது வருடம் பத்திரம் எழுதினேன். ஓய்வு என்று வீட்டில் உட்கார்ந்தால் மனைவி காய்கறி வாங்க அனுப்புகிறாள். அதற்குப் பயந்து பெருங்களத்தூரில் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்காரர்களின் குடும்ப வரலாற்றைப் பழைய ஆவணங்களிலிருந்து தொகுத்துக் கொடுக்கும் வேலை. முதல் நாளே வம்பு.

ஆஸ்திரேலியாவில் மார்கரெட் என்றொரு அம்மாள். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் தாமஸ், இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போன விவசாயி. அங்கே அரசாங்கம் ஆளுக்கு ஒரு துண்டு நிலம்தான் கொடுக்குமாம். அதில் குடியிருந்தே ஆக வேண்டுமாம். பக்கத்து நிலக்காரர்கள் மூவர், தாமஸ் மேலிருந்த பிரியத்தில் தங்கள் நிலத்தையும் அவருக்கே எழுதிக்கொடுத்தார்கள் என்பது குடும்பக் கதை.

பத்திரங்களைப் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே தேதி, ஒரே சாட்சி. கப்பல் பட்டியலில் அந்த மூவரும் தாமஸின் பண்ணையாட்கள். சர்வே வரைபடத்தில் நான்கு நிலமும் சந்திக்கும் புள்ளியில் ஒரே ஒரு குடிசை. உள்ளே மூலைக்கு ஒரு கட்டில் போட்டால் நாலு பேரும் அவரவர் நிலத்தில் படுத்ததாக ஆகிவிடும்! வாய்விட்டுச் சிரித்தேன்.

"என்ன சார்?" என்றாள் முதலாளி ரம்யா. என் மகள் வயது.

"பினாமிம்மா. பக்கா பினாமி!"

"ஐயோ, சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் அவங்க சொந்தக்காரங்க எல்லாம் கூடுற ஃபங்ஷன்ல புக் ரிலீஸ். நமக்கு இருக்கிறதே இந்த ஒரு க்ளையன்ட். அவங்க தாத்தாவ ஃப்ராடுன்னா ஆபீஸ மூட வேண்டியதுதான்."

மறுநாள் வீடியோ காலில் மார்கரெட்டே அந்த வரைபடத்தைக் காட்டிக் கேட்டார்: "அந்தக் குடிசை ஏன் அங்கே இருக்கிறது?"

ரம்யா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். ஆனால் பத்திரத்தைப் பற்றிக் கேட்டால் என் வாய் நிற்காது. தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. "எங்கள் தாமஸ் ஏமாற்றுக்காரரா?"

எனக்குப் பாவமாகிவிட்டது. சமாதானப்படுத்த என் கதையையே எடுத்துவிட்டேன்: "எங்கள் ஊரில் இது சகஜம் மேடம். என் மாமனார் மண்ணிவாக்கத்தில் ஒரு கிரவுண்டை யாருக்கும் தெரியாமல் என் பெயரில் வாங்கினார். உங்கள் ஆட்கள் மூவரும் தங்கம், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுக்கவில்லை. சொந்தச் சம்பாத்தியம் என்று சொல்லி வீடு கட்டிவிட்டேன்."

மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இது கட்டாயம் புத்தகத்தில் வர வேண்டும்!" அடுத்து தன் அம்மா வழி வரலாற்றையும் எங்களிடமே தருவதாகச் சொன்னார். ஆபீஸ் பிழைத்தது.

புத்தகத்தில் வர வேண்டும் என்றது குடிசையைத்தான் என்று நினைத்தேன். கூரியரில் வீட்டுக்கே புத்தகம் வந்தது. தாமஸின் குடிசைக்கு ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் முழுக்க நான், ஊர் பேரோடு. அன்றைக்கென்று அஸ்தினாபுரத்திலிருந்து மைத்துனன் வந்திருந்தான். இங்கிலீஷ் வாத்தியார். படித்து முடித்து, என்னைப் பார்க்காமல் உள்ளே குரல் கொடுத்தான்: "அக்கா, இந்த வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு?"

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்தவர் குடும்ப வரலாற்றை எழுதும்போது உங்களுடையதைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். நான் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸில்தான் இருக்கிறேன்.