மேலே போகிற வண்டிக்குச் சின்ன ஜெட்

ஊரில் அவருக்குப் பெயர் ஜெட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மலையடிவாரத்தில் பைக் பட்டறை. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற, சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட். மேலே போகப் போகக் காற்று மெலியும். பெட்ரோலையும் குறைக்கச் சின்ன ஓட்டை ஜெட் வேண்டும். அதையே கீழே போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் பெட்ரோல் பட்டினியில் கொதித்துவிடும். ஆகவே பாதி மலையில் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும் என்பது ஜெட்டு வைத்த சட்டம். மீறியவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை வீட்டில் போய்ச் சொல்வதில்லை.

மனைவி மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாற்றலாகிப் போய் ஐந்து வருடம். இவர் போனது ஒரே தடவை. அன்றைக்கு அவசரத்தில் ஜெட்டை மாற்றாமலே ஏறிப்போய், வண்டி கரும்புகை கக்கியது.

"உங்க வீட்டுக்காரருக்குக் கொசு மருந்து அடிக்கிற வேலையான்னு பக்கத்து வீட்டம்மா கேக்கறாங்க" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் பட்டறையில் தலைபோகிற வேலை வந்துவிட்டது.

போன வாரம் போன் செய்தாள். "கீழ வர்றியா, இங்கேயே நிரந்தரமா இருக்கியான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வாங்க. 'வீட்டுக்கு வா'ன்னு நேர்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"போன்லயே சொல்லலாமே."

"சரி, சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை. வழியில் பெட்ரோலில் கை வைத்தால் நாறும் என்று, பட்டறையிலேயே சின்ன ஜெட்டைப் போட்டுவிட்டு மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். பாதி மலைவரை ஆமை வேகத்தில் போனால் ஒன்றும் ஆகாது. ஒன்பதுக்குக் கிளம்பினால் போதும்.

ஒன்பதுக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். "அண்ணே, ஏர் ஃபில்டரைத் திறந்த டைப்பா மாத்திட்டேன். மலைக்குப் போறேன். என்ன ஜெட்டு போடணும்?"

"ஒண்ணும் போடாதே. ஃபில்டர் காத்தைக் கூட்டுது, மலை குறைக்குது. ரெண்டும் சரியாப் போச்சு."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

அதை விளக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிற மனிதரிடம் கேள்வி கேட்டால் அப்படித்தான்.

ஆமைக்கு இனி நேரமில்லை. முறுக்கினார். பாதி மலைக்கு முன்பே, எட்டாவது வளைவில், பிஸ்டன் இறுகி வண்டி நின்றது.

"எஞ்சின் சூட்டுல பிடிச்சிருச்சு" என்றார் போனில்.

"யாரு ஜெட்டு போட்டது?" என்றாள். என்ன இருந்தாலும் மெக்கானிக் மனைவி. அடுத்து அவளே சொன்னாள்: "இப்ப பஸ் வரும். வண்டியை ஓரமா விட்டுட்டு ஏறி வாங்க."

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஜெட்டண்ணே, உங்க வண்டியேவா?" என்று கத்தினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். "ஏறுங்கண்ணே, சீட் இருக்கு."

"சும்மா ஆற வெச்சிருக்கேன். நீங்க போங்க."

போனார்கள்.

எஞ்சின் ஆறி, பிடித்த பிஸ்டன் இளக மூன்று மணி ஆயிற்று. பையிலிருந்த பழைய பெரிய ஜெட்டை மாட்டினார். நாலாவது உதையில், லேசாகக் கடகடத்தபடி, கிளம்பியது.

"ஓடுது. இதோ வர்றேன்" என்றார் போனில்.

"எனக்கு மூணரைக்கு டூட்டி. இங்கேயே இருக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்." பிறகு கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"எங்க?"

"இங்கதான்."

எட்டாவது வளைவில் கடையே கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். "சரி" என்றாள்.

ஜெட்டு வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினார்.