இசக்கிதுரை சுரண்டிய படகு

படகுக்காரர் பிஜு மூன்றாம் முறையாக ஆள் அனுப்பியபோது இசக்கிதுரை அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தான்.

"போட் இப்பவும் வேகமா ஓடலையாம். திரும்ப இறங்கச் சொல்றாரு," என்றான் வாசலில் நின்ற வேலன். இசக்கிதுரை தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே நின்று காற்றுக் குழாயைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

"அடியில ஒரு சிப்பி கிடையாதுடா. தடவிப் பாத்துட்டுத்தான ஏறினேன்?"

"அத சேட்டன்கிட்ட சொல்லு."

"தின்னுட்டாவது போங்க," என்றாள் அவன் மனைவி வசந்தி. அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்தான்.

கொச்சியின் மட்டாஞ்சேரிக் காயலில் கட்டிக்கிடக்கும் படகுகளின் அடியில் இறங்கி, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பது இசக்கிதுரையின் பிழைப்பு. அப்பா தென்காசிப் பக்கமிருந்து மூட்டை தூக்க வந்தவர். இவன் கொஞ்ச நாள் மூட்டை தூக்கிப் பார்த்தான். மூச்சடக்கி நீந்துவான் என்று தெரிந்து யாரோ இந்த வேலைக்கு இழுத்துவிட்டார்கள். அதில் அவனுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் பின்னால் தள்ளி நின்று பார்க்கலாம். இவன் செய்த வேலையை இவனே பார்த்ததில்லை. காயலின் கலங்கலில் முகத்துக்கு நேரே நீட்டிய கைகூடத் தெரியாது.

படகின் மேல்தட்டில் பிஜு இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"எந்தா துரை இது? எல்லா போட்டும் ஒண்ணா வெளிய போகுது, என் போட் மட்டும் பின்னால நொண்டுது. எஞ்சினக் கழத்திப் பாத்தாச்சு, அதுல ஒரு குழப்பமும் இல்ல. நீ சரிக்குச் சுரண்டல."

"சேட்டா, வேலியிறக்கம் தொடங்கிடுச்சு. தண்ணி கடலுக்கு வடியுது, ஆள இழுக்கும். நாளைக்கு இறங்குறேன்."

"நாளைக்குக் காலத்த போட் கடலுக்குப் போகணும்."

வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கினான். கடலை நோக்கி வடியும் நீர் படகின் இரு பக்கமும் சுழித்துக்கொண்டு ஓடியது. அவனுக்குத் தெரிந்த ஒரே உபாயம் அடித்தகட்டோடு ஒட்டிக்கொள்வது. ஒரு கை தூரம் விலகினால் நீர் கன்னத்தில் அறைவது போல வரும். தகட்டோடு முகத்தை வைத்தால் அந்த வேகம் பாதியாகிவிடும். இன்னும் நெருங்கி உள்ளங்கையைத் தகட்டின் மேல் விரித்தால் விரல்களைச் சுற்றி நீர் ஏறக்குறைய சும்மா கிடக்கும். அந்தச் சாண் அகல அமைதிக்குள்தான் இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறான்.

கையுறையால் தடவிக்கொண்டே போனான். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபக்கம் போக உடம்பைத் திருப்பியபோது தோள் அந்த அமைதிக்கு வெளியே போய்விட்டது. அவ்வளவுதான். நீர் அவனைத் தகட்டிலிருந்து பிய்த்து எடுத்தது. கையிலிருந்த சுரண்டி நழுவிப் போனது. இருட்டில் புரண்டு, பக்கத்துப் படகின் நங்கூரக் கயிற்றில் நெஞ்சு மோதியபோது அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வேலன் காற்றுக் குழாயைப் பிடித்து இழுத்து இழுத்து அவனைக் கரைசேர்த்தான்.

இருமிக்கொண்டு படியில் உட்கார்ந்தவனைப் பார்த்து பிஜு மேலிருந்து கேட்டார்: "முழுக்கச் சுரண்டியாச்சா?"

இசக்கிதுரை கையுறையைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தான். "போட்ட கரைக்கு ஏத்திப் பாரும். ஒரு சிப்பி இருந்தா இந்தத் தொழில விட்டுடுறேன்."

அந்த முறை கடலிலிருந்து திரும்பியதும் படகை இடக்கொச்சியில் படகு பழுதுபார்க்கும் யார்டில் ஏற்றினார்கள். ஜெயித்துவிட்ட நினைப்பில் வேலனையும் கூட்டிக்கொண்டு போனான் இசக்கிதுரை.

வெயிலில் படகின் அடி முழுவதும் தேமல் படர்ந்ததுபோல் இருந்தது. சிப்பி போன இடத்திலெல்லாம் அதன் அடிவட்டம் வெள்ளையாகத் தகட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. இடையிடையே சுரண்டி உழுத கீறல்கள். அவன் கை உழுதவைதான்.

யார்டின் இன்ஜினியர் மஞ்சுஷா குனிந்து ஒரு வட்டத்தை நகத்தால் நெருடினாள்.

"சிப்பி போயிடுச்சு. இது போகல."

"இத்தனூண்டு வட்டமா மேடம் இவ்வளவு பெரிய போட்டப் பிடிச்சு இழுக்கும்?"

"தகட்ட ஒட்டி இருக்கிற தண்ணி தகட்டோடயே வரும் சேட்டா. அதுக்கு மேல ஒரு சின்னப் படலம் அடங்கி மெதுவா வழுக்கும். போட் ஓடும்போது அது தலைமுடியவிட மெலிசு. வழவழன்னு இருந்தா மேல புரள்ற தண்ணிக்கும் தகட்டுக்கும் நடுவுல அந்தப் படலம் இருக்கும். இந்த வட்டம் ஒவ்வொண்ணும் அதக் கிழிச்சுக்கிட்டு நிக்குது. வேகத் தண்ணி நேரா இதுல மோதும், பின்னால சுழி விழும். அடி முழுக்க அப்படின்னா எஞ்சின் என்ன பண்ணும்?"

"நான் தடவிப் பாத்தேன்."

"கையுறை போட்டா?"

பிஜு ஏதாவது திட்டியிருந்தால்கூட இசக்கிதுரை திருப்பிக் கத்தியிருக்கலாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இனி எல்லாத்துக்கும் யார்டுதான்," என்று மஞ்சுஷாவிடம் சொன்னார். பழைய பெயிண்டை உரித்துப் புதுசு அடித்தார்கள். படகு மற்றவற்றோடு சேர்ந்து ஓடுகிறது என்று வேலன் வந்து சொன்னபோது, "என்கிட்ட ஏன்டா சொல்ற?" என்று எரிந்து விழுந்தான்.

இப்போது அவன் கையுறையில்லாத வெறுங்கையோடு இறங்குகிறான். கீறாத மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் ஒவ்வொரு வட்டமாக நெம்பி எடுக்கிறான். ஒரு பொழுதில் முடிகிற வேலை இரண்டு பொழுதுக்கு நீள்கிறது. விரல் நுனியெல்லாம் வெட்டு. உப்புத் தண்ணீர் பட்டு எரிகிற கையோடு சோறு பிசைய முடியாமல் கரண்டி கேட்கிறான்.

"ஹோட்டல்ல ஆள் வேணும்னு சொன்னாங்க," என்றாள் வசந்தி.

"எனக்கு வேலை தெரியலன்னு நீயும் சொல்றியா?"

"கை புண்ணாகுதுன்னு சொன்னேன்."

போன வாரம் வைப்பின் தீவுக்காரர் ஒருவரின் படகு. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் நீர் நிற்கும் நேரமாகப் பார்த்து இறங்கியிருந்தான். இளைப்பாற மேலே தலை நீட்டியதும் அவர் வேலனிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "மற்ற ஆளுங்க அரை நாள்ல முடிப்பாங்க. இவன் அடியில என்ன பண்றான், உறங்குறானா?"

விளக்கிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். படலம், சுழி, தலைமுடி. சொன்னால் சிரிப்பார். காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனான்.