மழைச்சோற்றில் வந்த சேதி

அரூரில் நான் பேப்பர் ஏஜெண்டு. சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும். பிரித்து சைக்கிளில் போட்டுவிட்டு வருவேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பேப்பர் ஆபீஸில் இருந்த உதவி ஆசிரியர், “விக்கறவனுக்கு ஊர் சேதி தெரியாதா? எழுதி அனுப்புய்யா” என்றார். அப்படித்தான் நிருபர் ஆனேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எழுதியதைக் கவரில் போட்டு சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். எதைப் போட்டார்கள், எதை வெட்டினார்கள் என்று பேப்பரைப் பார்த்தே படித்துக்கொண்டேன்.

மழை பொய்த்த ஒரு வருஷம் கம்பைநல்லூர்ப் பக்கத்து டீக்கடையில் ஒரு சேதி காதில் விழுந்தது. பக்கத்து ஊரில் ஊர்க்கிணறு வற்றிவிட்டது. பெரிய தோட்டக்காரர் ஒருவருடைய மோட்டார் கிணற்றில் மட்டும்தான் தண்ணீர். அதில் குடம் நிரப்ப வேண்டுமென்றால் அவர் காட்டில் ஒரு பொழுது களையெடுக்க வேண்டுமாம்.

சொன்னது டீக்கடைக்காரர். அவருக்கும் அந்தத் தோட்டக்காரருக்கும் வரப்புத் தகராறு என்பது ஊருக்கே தெரியும். இவர் கோபத்துக்கு என் பேனாவைக் கடன் கேட்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நேரில் பார்த்துவிடுவோம் என்று சைக்கிளை மிதித்தேன்.

குடத்தோடு வந்த பெண்களை நிறுத்தி, “எங்கக்கா தண்ணி எடுத்தீங்க?” என்றேன்.

“கெணத்துல.”

“எந்தக் கெணறு?”

“தண்ணி இருக்கற கெணறு.”

பின்னால் வந்தவள் என் பையையே பார்த்தாள். “ஏங்க, குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேசனுக்கு ஆள் புடிக்க வந்தீங்களா? எங்க வூட்டுக்காரரு சந்தைக்குப் போயிட்டாரு.”

“நான் பேப்பர்காரனுங்க.”

“பேப்பர்ல போட்டா தண்ணி ஊறுமா?” எல்லாரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டாள். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்களே, அப்படி. “நீ கேட்டது நெசந்தான். களையெடுத்தாத்தான் தண்ணி. நான் சொன்னேன்னு தெரிஞ்சா நாளைக்கு எனக்குக் கெடையாது. இந்தப் புள்ள வாயில நீ வந்து ஊத்துவியா?”

அவள் பேரை நான் கேட்கவே இல்லை. எழுதி அனுப்பினேன். பேப்பரில் வரவில்லை. ‘சொன்னவர் யார்? ஆள் இல்லாத சேதி தலை இல்லாத முண்டம்’ என்று துண்டுச்சீட்டு வந்தது. உதவி ஆசிரியருக்கு என்மேல் சந்தேகம். எனக்கு டீக்கடைக்காரர்மேல். ஊருக்கு எல்லார்மேலும்.

அந்த வாரமே அந்த ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மழை இல்லாத வருஷம் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கூழும் கஞ்சியும் வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஒரே பானையில் ஊற்றி, காய்ந்த ஏரிக்குள் உட்கார்ந்து குடித்து, ‘ஊரை விட்டுப் போறோம்’ என்று மழைச்சாமிக்குக் கேட்கும்படி ஒப்பாரி வைப்பார்கள். எந்த வீடும் இல்லையென்று சொல்லக்கூடாது. அழுகையை யாரும் தடுக்கவும் கூடாது. தடுத்தவனால்தான் மழை போச்சு என்று பழி வரும்.

தோட்டக்காரரும் ஒரு சொம்புக் கூழ் ஊற்றிவிட்டு ஏரிக்கரையில் வந்து நின்றார். நான் இந்தப் பக்கம் நின்றேன். என்னை அவர் பார்த்த பார்வையே சரியில்லை.

ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். முதலில் வழக்கமான அழுகைதான். பிறகு பாட்டு திரும்பியது.

“கொடம் தண்ணி வாங்க
கொத்தெடுத்துப் போனோமே மழசாமி,
களை வெட்டிக் கை காச்சு
கால் வவுறும் நனையலையே மழசாமி!”

கூட்டம் முழுக்க அதையே திருப்பிப் பாடியது. யார் முதலில் சொன்னது என்று ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. தோட்டக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

‘ஊர்ப் பெண்கள் ஏரியில் இப்படிப் பாடினார்கள்’ என்று பாட்டோடு அனுப்பினேன். ஒரு வரி வெட்டாமல் வந்தது.

தாசில்தார் ஜீப் வந்தது. பெண்களைக் கேட்டால், “நாங்க மழைக்குத்தானுங்க அழுதோம்” என்று ஒரே பேச்சு. தோட்டக்காரர் சீறினார். “தண்ணிக்கு நான் வேலை வாங்கறேன்னு எவன் சொன்னான்?”

“யாரும் சொல்லலை. பாடியிருக்காங்க. மோட்டாரைப் போடுவீங்களா, மாட்டீங்களா?” என்றார் தாசில்தார்.

அவர் கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினார். ஒரு முகமும் சிக்கவில்லை. “ஊர் வாயை மூட உலைமூடி ஏதுங்க! நாளையிலிருந்து காலையில மோட்டார் ஓடும். யாரு வேணா புடிச்சிக்கட்டும்” என்றார்.

சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழந்தைக்காரியும் இருந்தாள். பக்கத்தில் போய், “இப்பக் களையெடுக்கச் சொல்றதில்லையா?” என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. “எம் பேரை யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“எனக்கே தெரியாதேக்கா.”

“டீக்கடைக்காரன்கிட்ட?”

“இல்லீங்க.”

கொஞ்ச நேரம் என் மூஞ்சியைப் படித்தாள். “சொல்லாத வரைக்கும் நல்ல ஆளு. கொடத்தைத் தூக்கி வுடு. அப்புறம் இங்க நிக்காத, போயிடு.”

தூக்கிவிட்டேன். தளும்பாத அளவுக்கு நிறைந்திருந்தது.