ஒரு பேக்கேஜுக்கு மூன்று பெயர்

பத்திரிகையில் இந்தப் பத்தி எழுதுவது எனக்கு ஆசைக்கு. சோற்றுக்கு, ஓசூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு லேபிள் பிரிண்ட் செய்கிற சாஃப்ட்வேர் தருகிறோம். சில மாதங்களுக்கு முன் என் இரண்டு வேலைகளும் மோதிக்கொண்டன.

புது வெர்ஷன் தயார். அதை இன்ஸ்டால் செய்வது எப்படி என்று தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். நீங்கள்தான் எழுத்தாளராயிற்றே என்று ஆபீஸில் உசுப்பேற்றினார்கள். விடுவேனா?

டவுன்லோடு செய்யவேண்டிய ஒரே ஃபைலுக்குப் பேக்கேஜ் என்று பெயர்; முதல் வரியில் அதை 'தொகுப்பு' என்று எழுதினேன். அடுத்த வரியிலும் அதே சொல்லா? கட்டுரைக்கு மார்க் குறைத்த தமிழய்யா கண்முன் வந்தார். 'பொதி' என்று போட்டேன். மூன்றாவது வரியில், கொஞ்சம் மண்வாசனைக்காக... 'மூட்டை'. படித்துப் பார்த்து நானே சொக்கிப்போனேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. உத்தனப்பள்ளி ரோட்டில் கியர் செய்கிற கம்பெனியின் ஸ்டோர் இன்சார்ஜ் ஸ்டெல்லா. மத்தூர்க்காரர். வேலைக்குப் புதிது, இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை.

"சார், தொகுப்பு டவுன்லோடு ஆயிருச்சு. பொதியும் மூட்டையும் எங்க இருக்குது? காலையில இருந்து தேடறேன்."

வாசலில் லோடு ஏற்றிய லாரி. லேபிள் ஒட்டாமல் அனுப்பினால் வாங்குகிற கம்பெனி திருப்பிவிடும். பழைய சாஃப்ட்வேரிலாவது பிரிண்ட் எடுக்கலாமா? அதை முதலில் நீக்கிவிடுங்கள் என்று எழுதிய புண்ணியவானும் நான்தான். இன்னும் இரண்டு ஃபைல் வரவேண்டும் என்று மேனேஜரிடம் கன்னடத்திலும் டிரைவரிடம் தெலுங்கிலும் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார் ஸ்டெல்லா. இல்லாத இரண்டு ஃபைலுக்காக!

இதில் கேவலம் என்ன தெரியுமா? நானும் என் கம்ப்யூட்டரில் 'மூட்டை' என்று டைப் செய்து தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மூன்றும் ஒன்றுதான் என்றேன். கையில் இருந்த அந்த ஒரே ஃபைலை ஸ்டெல்லா இன்ஸ்டால் செய்தார். அப்புறம் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. லாரி கிளம்பியது... ரொம்ப லேட்டாக.

சாயந்திரம் மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். ஸ்டெல்லா கோபப்படவில்லை. "பேரு வெச்சது நீங்க சார். திட்டு வாங்குனது நானு" என்றார். அவ்வளவுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேராக மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது, நான் எழுதியபடிதான் ஸ்டெல்லா செய்தார் என்று சொன்னேன். ஒரே ஃபைலுக்கு எதற்கு மூன்று பெயர் என்று கேட்டார். நடை அழகாக இருக்கட்டுமே என்று வைத்ததாகச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கன்னடத்தில் சொல்லுங்களேன் என்று ஸ்டெல்லாவைப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்.

கதையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் வாசகர் கொட்டாவி விடுவார். இன்ஸ்டால் செய்கிற குறிப்பில் சொல்லை மாற்றினால், யாரோ ஒருவர் வேலைக்கே உலை. இது புரிய எனக்கு ஒரு லாரி நிற்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தப் பக்கம் முழுக்க பேக்கேஜ், பேக்கேஜ், பேக்கேஜ்தான். படிக்கச் சகிக்கவில்லை. ஆனால் யாரும் போன் செய்வதில்லை. ஸ்டெல்லாவும் கன்ஃபர்ம் ஆகிவிட்டார்.

இந்தப் பத்தியைப் படித்த உதவி ஆசிரியர், 'ஸ்டெல்லா' அடிக்கடி வருகிறதே, சில இடங்களில் 'மத்தூர் மங்கை' என்று மாற்றட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் தம்பி... அப்புறம் மேனேஜர் இரண்டு பேரைத் தேடுவார்!