வெறும் ‘போறன்’

ஊரில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த வாரம். டென்மார்க்கின் வடமுனையில் ஸ்கேகன் கடலைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பலாம் என்று ரண்டர்ஸில் ரயிலேறினேன். எதிரே நரைத்த தாடியுடன் ஒரு தமிழர். கைபேசித் திரை அணையும்போதெல்லாம் விரலால் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்.

“வன்னியில இருந்து தங்கச்சி கதைச்சவள், தம்பி. கடைசியா ‘போறன் அண்ணை’ எண்டாள். ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லேல்லை.”

கடைக்குப் போகும்போதுகூட ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதுதான் எங்கள் வழக்கம்; யாரும் வெறும் ‘போறன்’ சொல்வதில்லை.

“லைன் கட்டாகியிருக்கும் அண்ணை.”

“ஓம், இருக்கும்.”

ஸ்கேகனில் இருவரும் இறங்கினோம். அவர் கைபேசியை அணைத்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பினார்.

“போறன் தம்பி” என்றார்.

திரும்பும் ரயிலை மறந்து அவர் பின்னாலேயே நடந்தேன்.