ஏழுமலை இன்று சிரித்த சிரிப்பு

மாட்சிமை பொருந்திய அடியேனும், அஸ்தினாபுரம் நண்பன் ஏழுமலையும் இன்று தாம்பரத்தில் மேட்னி ஷோவுக்கு எழுந்தருளினோம். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவன் ஒருவன் ராஜா காலத்தில் போய் விழுகிற காமெடிப் படம்.

ஏழுமலை சிரித்தால் பல்லாவரம் மலை ஒரு அடி நகரும். எந்தத் தியேட்டரிலும் முதல் சிரிப்பு அவனுடையதுதான்.

இன்று, படத்தில் ரிப்பேர்க்காரனின் செல்போன் அடித்ததும் ராஜா வாளை உருவியபோது எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தான். ஒவ்வொரு ஜோக்குக்கும் அப்படியே.

பயலுக்கு மூளை மழுங்கிவிட்டது, கொஞ்சம் கலாய்க்கலாம் என்று தோன்றியது. ராஜா முதுகைக் காட்டி நின்று, செத்துப்போன மகனைப் பற்றிப் பேசுகிற காட்சி. தியேட்டரே கப்சிப். நான் அவன் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் சிரித்துக் காட்டினேன்.

ஏழுமலை தொடையில் தட்டி, மலை நகரச் சிரித்தான்.

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "யோவ், புள்ள செத்துட்ச்சின்னு அழுதுகினு கீறாரு, இன்னாயா சிரிப்பு?"

ஏழுமலை அவரிடமும் சிரித்தபடியே தலையாட்டினான்.

அப்போதுதான் புரிந்தது. அவனுக்குக் காது போய்விட்டது. என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஆள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் நானும் உரக்கச் சிரித்தேன். திட்டு ரெண்டு பேருக்கும் பொதுவாக விழட்டும்.

பஸ் ஸ்டாப்பில், "டயலாக் எல்லாம் பிரமாதம் இல்ல, மச்சான்?" என்றான்.

தலையாட்டினேன்.

காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளடா என்று சொல்ல வேண்டும். அதை அவனிடம் கத்தாமல் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.